காளியம்மன் கோயில் பக்கத்து ஏசி பட்டறை: மூன்று மாத வகுப்புக்குக் காசு தகுமா?

போன மாதம் மட்டும் நான்கு பேர் என்னிடம் இதையே கேட்டுவிட்டார்கள். இரண்டு பேர் எங்கள் டாலா பையன்கள், ஒருவர் தன்லின்காரர், இன்னொருவர் பெகுவில் பெட்டிக்கடை வைத்திருக்கும் அக்கா, மகனுக்காக. ரங்கூன் அனோரத்தா சாலையில் காளியம்மன் கோயிலுக்குப் பின்பக்கம் ஒரு சயா (பர்மிய மொழியில் வாத்தியார்) ஏசி வேலை சொல்லித் தருகிறாரே, அதில் சேரலாமா, கட்டுகிற காசுக்குத் தகுமா என்று. ஒவ்வொருவரிடமும் அரைமணி நேரம் போனில் பேசினேன். இனிக் கேட்பவர்களுக்காக எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் நான் யார் என்பது. ஒன்பது வருஷம் பாயின்நவுங் சந்தையில் ஒரு பயறு மண்டியில் கணக்கு எழுதினேன். எத்தனை மூட்டை உளுந்து, எத்தனை வீசை, எந்த லாரி, கப்பல் எப்போது, அவ்வளவுதான் என் உலகம். முதலாளி கடையைச் சுருக்கியபோது எனக்கு 32 வயது. மின்சாரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது பல்பு மாற்றுவது மட்டும். ஆகையால் இது மெக்கானிக் வீட்டுப் பிள்ளை எழுதுகிற விமர்சனம் இல்லை. முப்பது தாண்டி, கையில் இருந்த கடைசிச் சேமிப்பை எடுத்துக்கொண்டு போனவன் எழுதுவது.

அந்தச் சேமிப்பில் ஒரு பங்கை முதலில் வேறொரு இடத்தில் தொலைத்தேன். பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, குளுகுளு வகுப்பறை, ப்ரொஜெக்டர். ஆறு வாரம் போனேன், ஒரு ஸ்பானரைக்கூடத் தொடவில்லை. கம்ப்ரசர் படத்தில் அம்புக்குறி ஓடும், நாங்கள் நோட்டில் வரைவோம். ஒரு நாள் அந்த வகுப்பறை ஏசியே பாடம் நடத்துகிறவர் தலையில் சொட்ட ஆரம்பித்தது. அதைச் சரிசெய்ய வெளியிலிருந்து ஆள் வரவழைத்தார்கள்! வந்தவன் இருபது வயதுத் தமிழ்ப் பையன். வடிகால் குழாயைக் கழற்றி, வாயால் ஊதி, உள்ளே அடைத்திருந்த வழவழப்பை வெளியே தள்ளி, பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டான். படியில் அவனைப் பிடித்து, எங்கே படித்தாய் தம்பி என்று கேட்டேன்.

“கோயிலுக்குப் பின்னால ஒரு சயாகிட்ட, மாமா. அங்க போனா மெஷினைக் கெடுக்க விடுவாங்க.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அங்கே போனேன். இந்தப் பட்டறையை நான் எடைபோடுவதும் அதை வைத்துத்தான்.

இடத்தைக் கண்டுபிடிப்பது சிரமம். போர்டு கிடையாது. கீழ்த்தள வீடு, வாசலில் குறுக்கே அறுத்துத் திறந்து வைத்த ஒரு பழைய கம்ப்ரசர், மேலே செம்பருத்திச் செடித் தொட்டி. உள்ளே ஓட்டை உடைசல் ஏசிகள் சுவர் ஓரமாக மனித உயரத்துக்கு. சயாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. கப்பலில் எஞ்சின் அறை வேலை பார்த்து, பிறகு குளிர் அறைகளைக் கவனிக்கும் வேலைக்கு மாறியவர். நடுக்கடலில் இறைச்சி அறை நின்றுபோனால் கரையிலிருந்து மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது என்பார். அவர் பாடம் முழுவதும் அந்தப் பயத்திலிருந்துதான் வருகிறது. எங்கள் அணியில் 12 பேர். ஐந்து தமிழர், மீதி பர்மியர், ஒரு கரேன் பையன். பாடம் பர்மிய மொழியில், நடுநடுவே தமிழ். திட்டு மட்டும் எல்லோருக்கும் தமிழில்தான். மூன்றாம் வாரத்துக்குள் கரேன் பையனுக்கு “மடப்பயலே” நன்றாகப் புரிந்துவிட்டது.

வாரம் ஆறு நாள், காலை எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை. 2023 மழைக்காலத்தில் நான் கட்டியது மூன்றரை லட்சம் கியாட். இப்போது ஆறு லட்சம் வாங்குகிறார். கியாட் விழுந்த வீழ்ச்சியைப் பார்த்தால் அதைக் கூடுதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதல் மாதம் ஏசியைக் குளிரவைக்கிற கேஸ் இருக்கும் சிலிண்டரைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார். இதைக் கேட்டுப் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். எங்கள் அணியிலும் இரண்டு பேர் பத்தாம் நாள் நின்றுவிட்டார்கள். முதல் மாதம் முழுக்கக் கழுவுதலும் கரண்டும்தான். உள் யூனிட்டைக் கழற்றி, மின்விசிறி உருளையில் அப்பியிருக்கும் கறுப்பைப் பல்தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்ப்பது, மறுபடி மாட்டுவது, கிளிப் உடையாமல் திரும்பக் கழற்றுவது. அப்புறம் மல்டிமீட்டர். அப்புறம் கெப்பாசிட்டர். மெயினை அணைத்த பிறகும் அதன் வயிற்றில் கரண்ட் இருக்கும், இறக்காமல் தொடக்கூடாது என்பதைப் பேச்சில் சொல்லவில்லை. ஒரு பழைய கெப்பாசிட்டரை ஏற்றி, மேசையில் வைத்து, ரெசிஸ்டரை வைத்து இறக்கச் சொன்னார். ஒருவன் அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்தான். எழுந்த சத்தத்தில் மாடி வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

கம்ப்ரசரில் மூன்று முனை இருக்கும், காமன், ரன், ஸ்டார்ட். சயா அதன் மேலிருந்த அடையாளத்தைப் பெயிண்டால் அழித்துவிட்டு, எது எது என்று கேட்பார். மூன்று ஜோடிகளையும் அளக்க வேண்டும். எனக்கு வந்தது 2.1, 3.4, 5.5 ஓம். பெரிய எண் வருகிற ஜோடியில் இல்லாத முனைதான் காமன். மீதி இரண்டையும் கூட்டினால் பெரியது வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே சுருள் கெட்டுக்கொண்டிருக்கிறது. மூட்டைக் கணக்குப் பார்த்தவனுக்கு இது பிடித்துப்போயிற்று. கூட்டினால் சரியாக வர வேண்டும், வராவிட்டால் எங்கோ திருட்டு. மண்டியில் இதைத்தானே ஒன்பது வருஷம் செய்தேன்?

இந்த வகுப்பின் உயிர் என்று நான் சொல்வது கோளாறுப் பலகை. ப்ளைவுட் பலகை ஒன்றில் ஸ்ப்ளிட் ஏசியின் முழு வயரிங்கும் பரப்பியிருக்கும். முந்தைய நாள் இரவு சயா அதில் ஒரு கோளாறு வைப்பார். காலையில் சீட்டுக் குலுக்கி ஒருவன் பெயர் எடுப்பார். 15 நிமிஷம். மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஒயர் உள்ளே அறுந்து வெளியே நன்றாகத் தெரியும், சென்சார் கெட்டிருக்கும், கெப்பாசிட்டர் பாதி செத்திருக்கும். என் முறை வந்தபோது எல்லாம் சரியாகக் காட்டியது, ஆனால் கம்ப்ரசர் எழவில்லை. வியர்த்து ஊற்றிற்று. நேரம் முடிந்த பிறகு சயா கம்ப்ரசருக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்சான கான்டாக்டர் மூடியைத் திறந்து காட்டினார். தொடுமுனைகளுக்கு நடுவில் காய்ந்துபோன பல்லி. சும்மா விளையாட்டுக்கு வைத்தார் என்று அன்று நினைத்தேன். இந்த இரண்டு வருஷத்தில் மூன்று வீடுகளில் அதே பல்லியைப் பார்த்துவிட்டேன்.

பலகையில் கெடுத்தது போதாது என்று ஆளுக்கு ஒரு பழைய யூனிட்டும் தருவார். ஃப்ளேர் (குழாய் முனையைப் புனல் மாதிரி விரிப்பது) செய்து கெடு, வளைத்து நசுக்கு, பற்றவைக்கிறேன் என்று குழாயை உருக்கிவிடு, கவலையில்லை. கெடுத்ததை நீயே வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும். மூன்று நூல் செப்புக் குழாயில் நான் கெடுத்த ஃப்ளேர்கள் நாற்பதுக்குக் குறையாது. நாற்பத்தொன்றாவதைத்தான் சயா கையில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். திட்டு விழவில்லை.

பற்றவைப்பில் ஒரே ஒரு கட்டளை, அதைச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறார். குழாயில் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்க்க நைட்ரஜன் மட்டும், ஆக்ஸிஜன் கூடாது. எண்ணெயும் ஆக்ஸிஜனும் அழுத்தத்தில் சேர்ந்தால் வெடிக்கும். பற்றவைக்கும்போதும் குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கறுப்புச் செதில் உதிர்ந்து கேபிலரி என்கிற மெல்லிய குழாயை அடைத்துவிடும். ரங்கூனில் எத்தனை பேர் நைட்ரஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

இரண்டாம் மாதம் வேக்யூம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்தத் தொழிலில் பாதிப் பேர் தாண்டிப் போகிற இடம் இது. புது ஏசி மாட்டும்போது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்ற இங்கே வழக்கமாகச் செய்வது என்ன? வெளி யூனிட்டில் இருக்கிற கேஸையே பத்து விநாடி திறந்துவிட்டு, புஸ் என்று காற்றைத் தள்ளிவிடுவது. நேரமும் மிச்சம், பம்ப்பைத் தூக்குகிற வேலையும் மிச்சம். வாடிக்கையாளருக்கும் தெரியாது.

சயா ஒரு கனமான கண்ணாடி ஜாடியைக் கொண்டுவந்தார். ஊறுகாய் ஜாடி மாதிரி இருந்தது, ஆனால் சோதனைக்கூடத்துச் சாமான். அதில் குடிக்கிற தண்ணீரை ஊற்றி, ரப்பர் மூடியைப் போட்டு, வேக்யூம் பம்ப்பை மாட்டினார். ஜாடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். சாதாரணச் சூடுதான். பம்ப் ஓட ஆரம்பித்தது. சற்று நேரத்தில் தண்ணீரில் குமிழி எழுந்தது, அப்புறம் தளதளவென்று கொதித்தது. மறுபடி தொட்டுப் பாருங்கள் என்றார். சுடவில்லை, தொட்டபோது முன்பைவிடச் சில்லென்றுதான் இருந்தது. 12 பேரில் மிஞ்சியிருந்த 10 பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. காற்றழுத்தம் இறங்க இறங்கத் தண்ணீர் கொதிக்கிற சூடும் இறங்கும், குழாய்க்குள் ஒளிந்திருக்கும் ஈரத்தை இப்படிக் கொதிக்க வைத்துத்தான் வெளியே இழுக்க முடியும், புஸ் விட்டால் காற்று போகும், ஈரம் போகாது. இதை அவர் விளக்கியது அதற்கு அப்புறம்தான். விளக்கியே இருக்க வேண்டாம்.

பம்ப்பை நிறுத்தி எண்ணெய்க் கண்ணாடியைக் காட்டினார். தெளிவாக இருந்த எண்ணெய் மோர் மாதிரி வெளுத்திருந்தது. உறிஞ்சிய ஈரம் எண்ணெயில் கலந்துவிட்டது. இந்த எண்ணெயோடு அடுத்த வீட்டுக்குப் போனால் பம்ப் ஓடும், வேக்யூம் வராது என்று சொல்லி, எண்ணெய் மாற்றுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்.

கேஸ் அழுத்தம் பார்க்கிற மேனிஃபோல்ட் மீட்டரில் ஊசி கீழே போய் 30-இல் நின்றால் வேக்யூம் ஆகிவிட்டது என்று நினைக்கிறோம் இல்லையா? அந்த ஊசிக்கு ஈரம் தெரியாது. அதற்கு மிகச் சின்ன அழுத்தத்தையும் அளக்கிற மைக்ரான் மீட்டர் வேண்டும். வெளிக்காற்று 7,60,000 மைக்ரான். குழாய் 500-க்குக் கீழே வர வேண்டும். வந்ததும் பம்ப்பை மூடிவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். கொஞ்சம் ஏறி ஓர் இடத்தில் நின்றுவிட்டால் உள்ளே இன்னும் ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை. அசையாமல் இருந்தால் கேஸைத் திறக்கலாம். ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துக் கம்ப்ரசர் சுருளை எரித்துவிடும். அதற்குள் மாட்டியவன் போன் நம்பரை மாற்றியிருப்பான் என்பார் சயா.

கேஸ் பாடம் மூன்றாம் மாதம்தான். ஏசி கேஸில் பல வகை உண்டு. ஆர் 22-இல் கம்ப்ரசர் உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் 65, 70 பிஎஸ்ஐ பக்கம் நிற்கும், ஆர் 410ஏ-யிலும் ஆர் 32-இலும் 120 பக்கம். ஆர் 22 ஓசோனைக் கெடுக்கிறது என்று மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி நம்மைப் போன்ற நாடுகளிலும் 2030-க்குள் ஒழித்தாக வேண்டியது. பழைய வீடுகளில் இன்னும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 410ஏ இரண்டு கேஸ்கள் சரிபாதி கலந்தது, சிலிண்டரைக் கவிழ்த்துத் திரவமாக, எடை பார்த்துப் போட வேண்டும். இதெல்லாம் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார். எடை மிஷின் என்றதும் மண்டி ஞாபகம் வந்து நான் சிரித்துவிட்டேன். அதற்கும் ஒரு திட்டு.

சரி, இனிக் குறைகள். எனக்கு சயா மேல் மரியாதை உண்டு, ஆனால் காசு கொடுத்துப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லாமல் விட முடியாது.

முதலாவது, உயரம். நகரத்தின் நடுவில் இருக்கும் பழைய கட்டடங்கள் உங்களுக்கே தெரியும், ஆறு மாடி, எட்டு மாடி, லிஃப்ட் இல்லை, வெளி யூனிட் சுவரில் அந்தரத்தில் தொங்கும். கால் வைக்க ஒரு சாண் சிமெண்ட். பால்கனிக்குப் பால்கனி கயிறு தொங்கவிட்டு நுனியில் கிளிப் மாட்டியிருப்பார்களே, காலையில் பேப்பரும் மோஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸும் ஏற்றிக்கொள்ள, என் முதல் வேலையில் மறந்துபோன ஸ்பானரை அந்தக் கயிற்றில்தான் மேலே இழுத்தேன். ஸ்பானருக்காவது கயிறு இருந்தது, எனக்கு இல்லை. மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட இடுப்புப் பட்டையை எப்படிக் கட்டுவது, எதில் மாட்டுவது என்று அங்கே சொல்லித் தரவில்லை. கேட்டபோது, “கப்பல்ல பாய்மரத்துல ஏறலையா?” என்றார் சயா. அவர் போன கப்பல்களில் பாய்மரமே இருந்திருக்காது. இந்த ஒரு விஷயத்துக்காக நான் பாதி மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

இரண்டாவது, இன்வெர்ட்டர் ஏசி, கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வகை. இப்போது விற்பதில் பெரும்பகுதி அதுதான். மின்பலகையைச் சோதிப்பதற்கு ஒதுக்கியது நான்கே நாள். பலகை போச்சு என்றால் பலகையை மாற்று என்கிற அளவில்தான் பாடம். ஆர் 32 லேசாகத் தீப்பிடிக்கிற வகை என்று சொன்னார், ஆனால் மூடிய அறையில் அதை எப்படிக் கையாள்வது என்று செய்து காட்டவில்லை. பழைய கேஸைச் சிலிண்டரில் திரும்பப் பிடிக்கிற மெஷினும் பட்டறையில் இல்லை. பழையது காற்றில்தான் போகிறது. ஓசோனைப் பற்றிக் காலையில் பேசிவிட்டு மத்தியானம் திறந்துவிடுவது எனக்கு உறுத்தியது.

மூன்றாவது, சூடேற்றும் பக்கம். அதே ஏசியைத் திருப்பி ஓட்டினால் அறையைச் சூடாக்கும். அதற்கென்று ஒரு நால்வழி வால்வு உண்டு. அரை நாளில் முடித்துவிட்டார், நம்மூருக்கு எதற்கு என்று. ரங்கூனுக்கு வேண்டாம்தான். கலோவிலும் பியின் ஊ லுவினிலும் மார்கழிக் குளிரில் ஹோட்டல்காரர்களுக்கு வேண்டும். ஜப்பான், கொரியா போக நினைக்கிற பையன்களுக்கு அது இல்லாமல் முடியாது. எங்கள் கரேன் பையன் வெளிநாடு போகத்தான் படித்தான். அவன் அதை யூடியூபில்தான் பார்த்துக்கொண்டான்.

யூடியூப் என்றதும் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் போடும் வீடியோக்கள் அருமையானவை, நானும் பார்க்கிறேன். ஆனால் ஏசி எவ்வளவு குளிர்விக்கும் என்பதை அவர்கள் டன்னில் பேசுவார்கள், நாம் எச்.பி.யில் பேசுகிறோம். அவர்களுடைய ஒரு டன் 12,000 பிடியு, நம் கடைக்காரர் அதை ஒன்றரை எச்.பி. என்பார். நம் ஒரு எச்.பி. சுமார் 9,000. இதைக் குழப்பிக்கொண்டு தவறான அளவுக் குழாய் வாங்கிய ஒருவனை எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

கடைசிக் குறை, சாமான் செட். படிப்பு முடிகிற வாரம் மேனிஃபோல்ட், வேக்யூம் பம்ப், ஃப்ளேர் செட், கிளாம்ப் மீட்டர் எல்லாம் ஒரே பெட்டியில் தருவதாகச் சொல்வார்கள். சயா இல்லை, அவர் மருமகன். வாங்காதீர்கள். அதே சாமானை நான் கடைகளில் தனித்தனியாக விசாரித்து வாங்கினேன், மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கிளாம்ப் மீட்டரிலும் ஃப்ளேர் செட்டிலும் காசைப் பார்க்காதீர்கள், பம்ப் சின்னதாக இருந்தாலும் ஓடும், நேரம் கொஞ்சம் கூட ஆகும், அவ்வளவுதான். மைக்ரான் மீட்டர் அந்தப் பெட்டியில் கிடையாது என்பதையும் கவனியுங்கள். ஜாடியில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் காட்டிய பட்டறை விற்கும் பெட்டியில் அது இல்லை!

சான்றிதழ் ஒன்று தருவார். அதில் இருப்பது சயாவின் கையெழுத்து மட்டும். தேசியத் திறன் தர ஆணையம் கொடுக்கிற சான்று வேறு, இதை அதுவென்று நினைத்துக்கொண்டு யாரும் சேர வேண்டாம். தீலவா தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் வேலை தேடுகிறவர்கள் முதலில் அங்கே என்ன காகிதம் கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.

படித்து முடித்தால் உடனே சம்பாதிக்கலாமா என்பதுதான் பெகு அக்காவின் கேள்வி. முடியாது அக்கா. நான் ஏழு மாதம் இன்னொரு மெக்கானிக்கிடம் உதவியாளாகப் போனேன், தினக்கூலிக்கு. ஏணி பிடிப்பது, கழுவுவது, டீ வாங்கி வருவது. 2024 ஏப்ரலில் சௌக்கில் 48.2 டிகிரி அடித்ததே, அந்த மாதம் ரங்கூனிலும் நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பதினொரு வீடு ஏறி இறங்கினோம். மின்சாரமோ நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும். “மீ லா பீ!” (கரண்ட் வந்தாச்சு) என்று தெருவே கத்தும், அந்த விநாடியே எல்லா வீட்டு ஏசியும் ஒன்றாக எழும்ப முயலும், வோல்டேஜ் சரியும். ஒரு சாயங்காலம் டாலாவில் என் மீட்டரில் 165 காட்டியது. இருக்க வேண்டியது 230. அந்த வோல்டேஜில் கம்ப்ரசர் எழ முடியாமல் முனகும், கரண்டை மட்டும் அதிகமாக இழுக்கும், சூடாகும், சூடேறினால் கரண்டை நிறுத்துகிற ஓவர்லோட் விழும். இரண்டு பக்க அழுத்தமும் சமமாவதற்கு முன் எழுப்பினாலும் அதே கதை. அந்த மாதம் நாங்கள் பார்த்த கோளாறுகளில் முக்கால்வாசி கேஸ் கோளாறே இல்லை, கரண்ட் கோளாறு. முதல் மாதம் சயா ஏன் சிலிண்டரைக் காட்டவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஏழு மாதத்துக்குப் பிறகு தனியாக. பசுந்தாங்கில் ஒரு வீடு, வயதான பர்மிய அம்மா. “கேஸ் குறைஞ்சிடுச்சு, போட்டுவிடுங்க சயா” என்றார். என்னை சயா என்று கூப்பிட்ட முதல் ஆள். பார்த்தால் கேஸ் சரியாக இருக்கிறது. திருட்டுப் பயத்தில் வெளி யூனிட்டுக்குக் கூண்டு போட்டு, மழைக்கு என்று அதன்மேல் தார்ப்பாயும் கட்டியிருந்தார்கள். மூச்சுவிட வழியில்லை. தார்ப்பாயை அவிழ்த்தேன், இரண்டு யூனிட்டையும் கழுவினேன், அறை குளிர்ந்தது. கழுவின கூலி மட்டும் வாங்கினேன். அந்த அம்மாவுக்குத் திருப்தி இல்லை. கேஸ் போடாமல் போகிறானே என்று அடுத்த வாரம் வேறொருவரை அழைத்து, போட்டுக்கொண்டார். தார்ப்பாயும் திரும்ப ஏறியது. இரண்டு மாதம் கழித்து ஏசி நின்று நின்று போகிறது என்று எனக்கே போன். அதிகமாக ஏற்றியிருந்த கேஸை இறக்கினேன். இந்த முறை கேஸ் வேலைக்கான கூலியைக் கேட்காமலே கொடுத்தார்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். தனியாக ஆரம்பித்த ஆறாவது வாரம், ஒரு கடையில் புது ஏசி மாட்டினேன். ஃப்ளேர் நட்டைக் கசியக்கூடாது என்று பலம் கொண்ட மட்டும் இறுக்கினேன். ராத்திரியோடு ராத்திரியாக ஃப்ளேர் விரிந்து, கேஸ் முழுவதும் போய்விட்டது. கைக்காசில் திரும்ப நிரப்பினேன். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று காட்டுகிற டார்க் ஸ்பானர் பட்டறையில் கிடையாது, கைப்பழக்கம் போதும் என்பது சயாவின் கட்சி. அவர் கைக்குப் போதும். இப்போது என் பையில் ஒன்று இருக்கிறது.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றால், கற்றுக்கொடுப்பதற்கு நாலரை, உயரத்தில் பாதுகாப்புக்கு ஒன்று, மருமகனின் பெட்டிக்குப் பூஜ்யம். என் தம்பி கேட்டாலும் இங்கேதான் அனுப்புவேன், போகும்போதே ஒரு நல்ல இடுப்புப் பட்டையை வாங்கிக் கையில் கொடுத்து, அதைக் கட்டத் தெரிந்த ஒருவரிடம் ஒரு நாள் பழகவும் சொல்வேன்.

அடுத்த அணி தண்ணீர்த் திருவிழா முடிந்த பிறகு என்று கேள்வி. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் பலகைக்கு முறை வருவதற்கு நாளாகும், ஆகையால் எத்தனை பேர் என்று முதலில் கேளுங்கள். டாலாவிலிருந்து வருகிறவர்கள் ஏழரை மணிப் படகைப் பிடித்துவிடுங்கள், பன்சொடான் துறையில் இறங்கி வேகமாக நடந்தால் எட்டே காலுக்குள் வந்துவிடலாம், எட்டரைக்கு மேல் கதவைத் திறக்க மாட்டார். ரப்பர் செருப்பு வேண்டாம், மூடின ஷூ. பழைய பல்தேய்க்கும் பிரஷ் இரண்டு எடுத்து வாருங்கள்.